ஆர்டர் கொடுத்துச் செய்த அட்டிகை: விற்பதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி இது: 2018-இல் கோவையில் ஒரு ஆசாரியிடம் படம் காட்டிச் செய்த ஆறு பவுன் கெம்பு அட்டிகை. பாதித் தங்கம் அம்மாவின் பழைய சங்கிலி, மீதி புதிதாக வாங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு நான்கைந்து முறைதான் கழுத்தில் ஏறியிருக்கிறது. தங்கம் விலை ஏறிக் கிடக்கிறது, விற்றுவிடலாமா?

ஆர்டர் நகைக்கு இரண்டு விலை உண்டு. உருக்கினால் கிடைப்பது ஒன்று, அதே நகையை இன்று மறுபடி செய்யச் சொன்னால் ஆகும் செலவு இன்னொன்று. கடைக்காரருக்கு முதல் விலைதான் தெரியும். மாங்காய் எத்தனை, பதக்கத்தில் அன்னம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதெல்லாம் தராசில் ஏறாது. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் முடிவெடுப்பது சுலபம், அதனால் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். கூட்டிப் பார்க்க வசதியாக 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய பலகை விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், விகிதம் மாறாது.

அட்டிகையின் மொத்த எடை 62.400 கிராம். கல்லும் அரக்கும் 14.400. நிகரத் தங்கம் 48 கிராம், அதாவது ஆறு பவுன். இன்று இதைக் கடையில் ஆர்டர் கொடுத்தால் தங்கம் 4,80,000. கெம்பு வேலைக்குச் சேதாரம் 18 சதவீதம் என்றால் 86,400. கல், கட்டுக்கூலி 25,000. மொத்தத்துக்கும் 3 சதவீத ஜிஎஸ்டி 17,742. ஆக 6,09,142 ரூபாய்.

அதையே விற்கப் போனால்? கெம்பு அட்டிகையில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கூடு, ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு பற்று. பற்றவைக்கும் பொடியில் தங்கம் குறைவு. ஆகவே தகடு 22 காரட்டுக்குரிய 91.6 ஆக இருந்தாலும் முழுதாக உருக்கும்போது 90 டச்சில் (டச் என்றால் நூறில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்பது) நிற்பது சகஜம். 48 கிராமில் 90 சதவீதம் என்றால் 43.2 கிராம் சுத்தத் தங்கம். 22 காரட் கணக்கில் 47.16 கிராம். பலகை விலையில் 2 சதவீதம் குறைத்து 9,800 போட்டால் கைக்கு வருவது 4,62,168. கல்லுக்குப் பூஜ்யம்.

வித்தியாசம் 1,46,974 ரூபாய். இன்று செய்து நாளை விற்கிறவருக்குத் தங்கம் 32 சதவீதம் ஏறினால்தான் முதல் வந்து சேரும். 2018-இல் செய்தவருக்கு அந்த நட்டத்தை விலையேற்றம் எப்போதோ விழுங்கிவிட்டது. ஆனால் சேதாரமும் கூலியும் அன்றே போன காசு. விற்றாலும் திரும்பாது, விற்காவிட்டாலும் திரும்பாது. "இவ்வளவு சேதாரம் கொடுத்துச் செய்தோமே" என்று நகையைப் பிடித்துக்கொள்வதும் தப்பு, "போட்டதுக்கு மேல் வந்துவிட்டதே" என்று விற்பதும் தப்பு. இன்றைக்கு உங்களிடம் இருப்பது 47 கிராம் தங்கம். வேலைப்பாடு இனிமேல் இலவச இணைப்பு.

இதிலிருந்து ஒரு விஷயம் தானாக வருகிறது. "அட்டிகையை விற்றுத் தங்கக் காசாக வாங்கி வைத்தால் முதலீடாக இருக்குமே" என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். நாளை தங்கம் 10 சதவீதம் ஏறினால் காசும் 10 சதவீதம் ஏறும், அட்டிகைக்குள் இருக்கும் தங்கமும் அதே 10 சதவீதம் ஏறும். மாற்றுகிற வழியில் விற்கும் கழிவு 2, வாங்கும் ஜிஎஸ்டி 3, அதற்கு மேல் வருமான வரி. தங்கத்தில்தான் இருக்கப்போகிறீர்கள் என்றால் அட்டிகையே போதும். விற்பதற்கு நியாயம், அந்தப் பணம் தங்கத்தை விட்டு வேறெங்காவது போகும்போதுதான்: கிரெடிட் கார்டு பாக்கி, கந்துவட்டி, படிப்புக் கட்டணம், வீட்டு முன்பணம்.

மாற்றிப் புதுசு எடுப்பதும் பலர் நினைப்பதுபோல் இலவசம் இல்லை. "பழசுக்குக் கழிவே கிடையாது" என்று பலகை வைத்திருக்கும் கடையில் 48 கிராம் கொடுத்து, 14 சதவீதச் சேதாரத்தில் வேறு 48 கிராம் நகை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். சேதாரம் 67,200. புது நகையின் முழு மதிப்பான 5,47,200-க்கும் ஜிஎஸ்டி உண்டு, 16,416. மொத்தம் 83,616. அதாவது 8.36 கிராம். ஆறு பவுனை ஒரு தடவை மாற்றினால் ஒரு பவுன் கரைகிறது. கழிவு இல்லை என்று சொன்ன கடை அதைச் சேதாரத்தில் எடுத்துக்கொள்ளும்; 14-க்குப் பதில் 20 என்று போட்டால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இரண்டு கடையை ஒப்பிடும்போது சதவீதங்களைக் கேட்காதீர்கள். "இந்த நகையைக் கொடுத்தால் என் கைக்கு எத்தனை ரூபாய்?" என்ற ஒரே கேள்விதான்.

அவசரத்துக்குப் பணம் வேண்டும், ஒரு வருஷத்தில் திரும்பிவிடும் என்றால் விற்காமல் அடகு வையுங்கள். 3.5 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்றால் வருஷம் 35,000. விற்றுவிட்டு இதேபோல ஒன்று பிறகு செய்ய ஆகும் கூடுதல் செலவு, மேலே பார்த்தபடி, ஏறக்குறைய ஒன்றரை லட்சம். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிப்படி கடன் 2.5 லட்சம் வரை என்றால் தங்க மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்பது உச்சவரம்பு. கல்லுக்கும் வேலைப்பாட்டுக்கும் மதிப்பே போடக்கூடாது, நிகரத் தங்கம் மட்டும்தான். கெம்பு நகையில் அரக்கு எவ்வளவு என்று மதிப்பீட்டாளருக்கு உறுதியாகத் தெரியாததால் கூடுதலாகவே கழிப்பார். ஆறு பவுனுக்கும் முழு வரம்பு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இரண்டு மூன்று வருஷம் வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போவீர்கள் என்று உங்களுக்கே தெரிந்தால், விற்றுவிடுவதுதான் மேல்.

சரி, விற்பது என்றே முடிவானால் எங்கே ஏமாறுகிறோம் என்று சொல்கிறேன்.

முதல் சிக்கல் அரக்கு எடை. கெம்புக் கல் நேராகத் தங்கத்தில் உட்கார்ந்திருக்காது. கூட்டுக்குள் அரக்கு, அதன் மேல் பளபளப்புத் தாள், அதன் மேல் கல், சுற்றிலும் தங்க விளிம்பு, பின்னால் மூடிய தகடு. சீட்டில் எழுதிய 48 கிராம், கல் கட்டுவதற்கு முன்னால் தங்கத்தை மட்டும் நிறுத்தது என்றால் நம்பலாம். கட்டி முடித்து மொத்தத்தை நிறுத்து, கல்லுக்கு ஒரு தோராயம் கழித்து எழுதியது என்றால் அந்த 48, 46 ஆகவும் இருக்கலாம். ஆசாரி கொடுத்த சீட்டைத் தேடி எடுங்கள். கட்டுமுன் எடை, கட்டியபின் எடை என்று இரண்டும் இருந்தால் அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது.

இரண்டாவது, உருக்காமலேயே தங்கத்தின் சுத்தத்தைக் காட்டும் காரட் மீட்டர். அது மேல்பரப்பில் சில மைக்ரான் ஆழம்தான் பார்க்கும். முகப்பில் வைத்தால் 91.6 காட்டும், பின்பக்கப் பற்றில் வைத்தால் 87, 88 காட்டும். குறைந்ததைக் காட்டி விலை பேசுவது கடைக்குச் சௌகரியம், கூடியதைக் காட்டிச் சண்டை போடுவது நமக்குச் சௌகரியம். இரண்டும் நகையின் சராசரி இல்லை. முகப்பு, பின்தகடு, கொக்கி, பற்று என்று நான்கு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். கடைக்குப் போவதற்கு முன்பே பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். பொதுமக்கள் நகையையும் வாங்கிப் பார்ப்பார்கள், செலவு சில நூறு ரூபாய்.

எச்யூஐடி, அதாவது ஒவ்வொரு ஹால்மார்க் நகையிலும் பொறிக்கும் தனி அடையாளக் குறி, இல்லையே என்று பயப்பட வேண்டாம். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி 2021-இல் வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் கடைக்காரர் விற்கக்கூடாது. அது கடைக்காரருக்கான விதி. வீட்டிலிருக்கும் பழைய நகையை நீங்கள் விற்கத் தடை ஏதும் இல்லை. "ஹால்மார்க் இல்லை, அதனால் 5 சதவீதம் குறையும்" என்றால் உருக்கிப் பார்த்து டச்சுப்படி கொடுங்கள் என்று கேளுங்கள். உருக்கிய கட்டிக்கு முத்திரை எதற்கு?

உருக்கும்போது கட்டாயம் பக்கத்தில் நில்லுங்கள். அதற்கு முன்னால் மூன்று விஷயத்தை வாயால் சொல்லி ஒப்புக்கொள்ள வையுங்கள்: கல் எல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும், விலை ஒத்துவராவிட்டால் கட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன், டச் வந்தபின் வேறு கழிவு கிடையாது. கல்லைப் பிடுங்கிக் கூடுகளைச் சூடு காட்டினால் அரக்கு கொப்பளித்துக் கறுப்பாகப் புகையும். அந்த வாடை அடங்கியபின் தங்கத்தை ஒருமுறை நிறுக்கச் சொல்லுங்கள். பேரத்தில் உங்கள் பிடிமானமே அந்த எடைதான். பிறகு மூசையில் போட்டு, ஒரு சிட்டிகை வெங்காரம் தூவி, வாயு விளக்கை வைத்தால் சில நிமிஷத்தில் மாங்காய், அன்னம் எல்லாம் சரிந்து ஒரே மஞ்சள் உருண்டையாகச் சுழலும். சுத்தத் தங்கம் உருகுவது 1064 டிகிரியில், 22 காரட் அதற்குச் சற்றுக் கீழே. அச்சில் ஊற்றியபின் மூசையின் உட்சுவரைப் பாருங்கள். கடுகு கடுகாக மணி ஒட்டியிருந்தால் இன்னொரு முறை சூடாக்கி இறக்கச் சொல்லுங்கள். கடுகளவுதான், ஆனால் 10,000 ரூபாய் கிராமில் கடுகுக்கும் விலை உண்டு.

அரக்கு போனபின் நிறுத்த எடைக்கும் கட்டி எடைக்கும் அரை முதல் ஒரு சதவீதம் குறைந்தால் இயல்பு. அதற்கு மேல் என்றால் காரணம் கேளுங்கள். ஒரு நியாயமான காரணம் உண்டு: பற்று கேடிஎம்மில், அதாவது காட்மியம் கலந்த பொடியில், போட்டிருந்தால், அதிலுள்ள காட்மியம் 767 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். எடை கொஞ்சம் குறையும், ஆனால் மீதித் தங்கத்தின் டச் இறங்காது. எடையும் குறைந்து டச்சும் குறைந்தது என்று இரண்டையும் சொன்னால் கேடிஎம் கதை செல்லாது. அந்தப் புகை நல்லதில்லை, தள்ளி நில்லுங்கள். இந்தக் காரணத்தால்தான் ஹால்மார்க் நகையில் காட்மியம் கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

அதிகம் நடக்கும் தப்பு இரட்டைக் கழிவு. "அழுக்கு 3 சதவீதம்" என்று எடையில் ஒன்று, டச்சில் ஒன்று, பலகை விலையில் ஒன்று. உருக்காமல் வாங்கினால் அழுக்குக்குக் கழிப்பதில் அர்த்தம் உண்டு. உருக்கிய கட்டியில் அழுக்கு ஏது?

பணம் பெரும்பாலும் வங்கி வழியாகத்தான் வரும். 10,000 ரூபாய்க்கு மேல் ஒருவருக்கு ஒரே நாளில் ரொக்கம் கொடுத்தால் கடைக்காரர் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது உங்களுக்கே குற்றம், வாங்கிய தொகை முழுதும் அபராதமாகலாம். ஆதார், பான் நகல் கேட்பார்கள், கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

வரியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நகை மூலதனச் சொத்து. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம், செஸ் தனி. 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதம், பணவீக்கச் சரிகட்டல் கிடையாது. லாபம் என்பது விற்ற தொகையிலிருந்து வாங்கிய செலவைக் கழித்தது. சேதாரம், கூலி, கல், ஜிஎஸ்டி எல்லாமே செலவில் சேரும், ரசீது இருந்தால். உங்கள் அட்டிகையில் பாதி அம்மாவின் சங்கிலி அல்லவா? அந்தப் பாதிக்கு அம்மா வாங்கிய விலைதான் உங்கள் விலை. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். வேறு வருமானம் இல்லாத இல்லத்தரசிக்கு இந்த லாபத்தை அடிப்படை விலக்கு வரம்புக்குள் பொருத்திக்கொள்ள வழி உண்டு, கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடையில் பழசைக் கொடுத்துப் புதுசு எடுப்பதும் சட்டப்படி விற்பனைதான், அதற்கும் இந்த வரி உண்டு. அதே தங்கத்தை ஆசாரியிடம் கொடுத்து வேறு நகையாக அடித்து வாங்கினால் அது விற்பனை ஆகாது. மகளுக்கோ தங்கைக்கோ அன்பளிப்பாகக் கொடுத்தாலும் ஆகாது.

அதனால்தான் போடாமல் கிடக்கும் ஆர்டர் நகைக்கு நான் முதலில் சொல்லும் வழி, விற்பதற்கு முன் திருத்திப் பார்ப்பது. ஏன் போடவில்லை என்று யோசியுங்கள். கழுத்தை இறுக்குகிறதா? பின்னால் இரண்டு அங்குலம் சங்கிலியும் வளையங்களும் சேர்த்தால் முடிந்தது. பதக்கம் மட்டும் பிடிக்குமா? கொக்கி வைத்துத் தனியாகக் கழற்றும்படி செய்தால், கோயிலுக்கு மெல்லிய சங்கிலியில் பதக்கம், கல்யாணத்துக்கு முழு அட்டிகை. கெம்பு மங்கிவிட்டதா? உள்ளே தாள் கறுத்திருக்கும். கல்லை எடுத்துப் புதுத் தாள் போட்டுக் கட்டினால் பழைய சிவப்பு வரும். இவற்றுக்கெல்லாம் ஆகும் கூலி ஒன்றரை லட்சத்தின் பக்கத்தில்கூட வராது. கொடுக்கும்போது எடை, கல் எண்ணிக்கை எழுதி வாங்கிக்கொண்டு, முன்பின் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

அடுத்த வழி சொந்தத்துக்குள் விற்பது. அண்ணன் மகளுக்கு வைகாசியில் கல்யாணம், கெம்பு அட்டிகை தேடுகிறார்கள் என்றால், நிகரத் தங்கத்தை அன்றைய பலகை விலைக்குச் சேதாரம் இல்லாமல் கொடுங்கள். உங்களுக்குக் கடையைவிட 17,832 ரூபாய் கூட. அவர்களுக்கு 6,09,142-க்குப் பதில் 4,80,000-இல் முடிகிறது. இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒன்றரை லட்சத்தை யாராவது பங்கு போட்டுக்கொள்ள முடியும் என்றால் அது இப்படித்தான். உறவில் மனஸ்தாபம் வராமல் இருக்க, பேசும் முன்பே ஹால்மார்க் மையத்தில் சோதித்த தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பற்றில் டச் குறையும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பணம் வங்கியில் வரட்டும், லாபத்துக்கு வரி இங்கேயும் உண்டு.

சில நகைகளுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. வடசேரி வேலை என்று வாங்கிய டெம்பிள் செட் பெரும்பாலும் வெள்ளியில் செய்து தங்கம் ஏற்றியது. உருக்கினால் வெள்ளி விலைதான், வைத்துக்கொள்ளுங்கள். ஏழு கல் வைரத் தோடு செய்யச் சொல்லி வாங்கியிருந்தால், கல் வாங்கிய கடை திரும்ப எடுக்குமா, எத்தனை சதவீதத்துக்கு என்று பில்லின் பின்பக்கம் இருக்கும். அடுத்த கடை அந்தக் கல்லுக்கு ஆர்வம் காட்டாது. தங்கத்தை மாற்றினாலும் கல்லை விடாமல் புதுத் தோட்டில் கட்டிக்கொள்வதுதான் வழக்கம், அதுவே சரியும்கூட. பெயர் பொறித்த மோதிரம், பத்து கிராமுக்குள், கல் இல்லாதது: போடவில்லை என்றால் யோசிக்காமல் விற்கலாம், அதில் இழக்க ஒன்றும் இல்லை. பாட்டியின் பழைய சிவப்புக் கல்லைப் புது அட்டிகையில் கட்டச் சொல்லியிருந்தால் மட்டும் நிதானம். 2018-இல் கடையில் கிடைத்த கெம்பு பெரும்பாலும் ஆலையில் செய்த கல், ஆனால் பழைய நகையிலிருந்து வந்தது அசல் மாணிக்கமாக இருக்கலாம். கல் பரிசோதனைக் கூடத்தில் காட்டாமல் அதைக் கொறடு கொண்டு பிடுங்க விடாதீர்கள், விளிம்பு தெறித்தால் மதிப்பு போய்விடும்.

உங்கள் விஷயத்தில் நான் சொல்வது: கடன் எதுவும் கழுத்தை நெரிக்கவில்லை என்றால் விற்க வேண்டாம். இந்த மாதமே பின்சங்கிலியும் கழற்றும் பதக்கமும் வைத்து வாங்குங்கள். அப்படியும் இரண்டு வருஷம் போடவில்லை என்றால் சொந்தத்தில் கேளுங்கள், கடை கடைசி.

வைத்துக்கொள்வதானால் ஒன்று மட்டும். தங்கத்துக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் நல்லது என்று இதையும் ஊறப்போட்டுவிடாதீர்கள். தண்ணீர் கல்லுக்குப் பின்னால் இறங்கினால் தாள் கறுக்கும், வெந்நீர் பட்டால் அரக்கு இளகிக் கல் ஆடும், கடையில் இருக்கும் அல்ட்ராசோனிக் தொட்டி இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும். போட்டுக் கழற்றியதும் வியர்வையை உலர்ந்த மல்துணியால் ஒற்றி எடுத்து, அரை மணி காற்றாட விட்டு, கல் முகம் உராயாமல் பஞ்சில் தனியாக வைத்தால் போதும்.